"யானையைப் பழக்கலாம், ஆனால் யானை பழக்கப்பட்ட விலங்கு அல்ல": இதற்குச் சரியான சொல் எது?

கேள்வி: கோட்டையூர்க்காரி

வணக்கம். ஒரே ஒரு சொல்லில் ஒரு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கே மாடு வைத்திருப்பவர்கள், தோட்டம் போடுபவர்கள், தமிழ் படித்தவர்கள் எல்லாரும் வந்து போவதால் கேட்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க, காட்டில் இருந்த விலங்குகளும் செடிகளும் மனிதனோடு வந்து சேர்ந்த கதை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் 'டொமஸ்டிகேஷன்' என்று ஒரே சொல். நான் 'பழக்குதல்' என்று போட்டுக்கொண்டே வந்தேன். நாய் வந்தது, ஆடு வந்தது, மாடு வந்தது, எதுவும் உறுத்தவில்லை. யானை வந்ததும் வண்டி நின்றுவிட்டது. தலைப்பில் இருப்பதுதான் நான் எழுதிய வாக்கியம். எந்தப் பிள்ளை படித்தாலும் இந்த அக்காவுக்குக் கிறுக்கு என்றுதான் நினைக்கும்.

பதிப்பகத்தில் திருத்துபவர் பக்க ஓரத்தில் 'கொல்லைப்படுத்தல்' என்று எழுதி அனுப்பினார். இணையத்திலும் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். காதுக்கு எப்படி இருக்கிறது என்று வளவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தூணில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, "என்னது, மாட்டைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போறாகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பாக்கு உரல் உருண்டு முற்றத்தில் விழுந்தது. அதற்கப்புறம் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

பழக்குவது ஒன்று, இந்தப் பல்லாயிரம் வருஷக் கதை வேறொன்று என்று பிரித்துக் காட்டும் சொல் வேண்டும். செடிக்கும் பொருந்தினால் இன்னும் நல்லது.

கல்லல் வடமாடு

அக்கா, இதில் என்ன குழப்பம்? 'அடக்குதல்'தான். எங்கள் காளை இந்தத் தையில் வடமாடு மஞ்சுவிரட்டில் நாலு களம் பார்த்திருக்கிறது. நடுவில் வடத்தில் கட்டிவிட்டால் சுற்றி ஒன்பது பேர். பிடித்தால் அடக்கிவிட்டார்கள், பிடிக்காவிட்டால் அடக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்

தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, 'அடக்குதல்' தங்கச்சிக்கு உதவாது. திமிலைப் பிடித்து ஒருவன் தொங்கினால் மாடு அடங்கியது என்கிறோம். அது அந்த ஆட்டத்தோடு சரி. அவிழ்த்துக் கொண்டுபோய்த் தொழுவத்தில் கட்டினால் மறுபடி பழைய மாடுதான். அடங்கினது அடங்கினபடியே இருந்துவிட்டால் அடுத்த வருஷம் அதை யார் களத்துக்கு ஓட்டிவருவார்கள்? விலையே போய்விடும்.

தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர் பக்கத்து மாட்டாஸ்பத்திரிகளில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். கடைசியில் பதவிக்கு நீளமான பேர் வந்தாலும் ஊருக்குள் கம்பவுண்டர்தான். தமிழ் வாத்தியார் இல்லை. மாட்டுக்காரர்கள் வாயில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் இதற்கு முதலில் வரும் சொல் 'வசக்குதல்'. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா ஒரு மயிலைக் காளையை வசக்கினார். இரண்டு பல் போட்டிருந்தது. காயடித்து, மூக்குக் குத்தி, மூக்கணாங்கயிறு போட்டு, புண் ஆறும்வரை சும்மா விட்டார். அப்புறம் எங்கள் கிழட்டுச் செவலையோடு நுகத்தில் பூட்டினார். பின்னால் ஏரும் இல்லை, வண்டியும் இல்லை, ஒரு பனந்துண்டுதான். கோடையில் கண்மாய் வறண்டுதானே கிடக்கும், அதற்குள் மணலில் ஓட்டினார். முதல் நாள் மயிலை படுத்துக்கொண்டது. இரண்டாம் நாள் நுகத்தடியை முறிக்கப் பார்த்தது. செவலை எதையும் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு நடந்தது. உண்மையில் வாத்தியார் அதுதான், அப்பா சும்மா பின்னால் போனார். எட்டாம் நாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "வசங்கிருச்சு."

அதே அப்பா, மேட்டுப் புஞ்சையில் கள்ளியையும் வேரையும் பிடுங்கி வரப்புப் போட்ட வருஷம், "புஞ்சையை வசக்கியாச்சு" என்றார். மாட்டுக்கும் மண்ணுக்கும் ஒரே சொல்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். கைக்கு வசங்கிய பசு ஒன்று கிடாரி ஈன்றது என்று வையுங்கள். அந்தக் கிடாரி வளர்ந்து தலையீத்தில் பால் பீச்ச உட்கார்ந்தால் உதைக்கும். தாய் வசங்கியது மகளுக்கு வராது. அதைத் தனியாகப் பழக்க வேண்டும். ஆகவே வசக்குவதும் பழக்குவதும் ஓர் உயிருக்கு, அதன் ஆயுள் வரைக்கும்.

ஆனால் அந்தக் கிடாரி மானைப்போல ஆளைக் கண்டதும் காட்டைப் பார்த்து ஓடாது. உதைக்குமே தவிர, ஓடாது. பிறக்கும்போதே பாதி பழகித்தான் பிறக்கிறது. அந்தப் பாதி எங்கே இருந்து வந்தது என்பதுதான் தங்கச்சி எழுதுகிற அத்தியாயம்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நரிக் கதையை விட நல்லது கிடையாது. சோவியத் நாட்டில், நோவோசிபிர்ஸ்க்கில், 1959-ல் பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர் ஆரம்பித்தது. ரோமத்துக்காகக் கூண்டில் வளர்த்த வெள்ளி நரிகளில், ஆளைக் கண்டு சீறாததை மட்டும் பொறுக்கி இணைசேர்த்தார். நிறம் பார்க்கவில்லை, உடம்பு பார்க்கவில்லை, அந்த ஒரு குணம்தான். நரிக்குப் பயிற்சி எதுவும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பு. கொடுத்தால் குணம் பிறப்பில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா என்று தெரியாமல் போய்விடும் அல்லவா? பத்துத் தலைமுறைக்குள் ஆளைக் கண்டால் வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. அதோடு நிற்கவில்லை. சில குட்டிகளுக்குக் காது மடிந்து தொங்கியது, வால் சுருண்டது, உடம்பில் வெள்ளைத் திட்டு விழுந்தது. இவற்றை யாரும் தேடிப் பொறுக்கவில்லை. குணத்தைப் பொறுக்கினால் இதெல்லாம் கூடவே வந்தது.

யானைக்கு இது நடக்கவே இல்லை. முல்லைப்பாட்டில் யானைப்பாகர் வடமொழிச் சொற்களைச் சொல்லி யானையைப் பயிற்றுவதாக வருகிறது. அவ்வளவு காலமாக யானை நம்மோடு இருக்கிறது. இருந்தும் கோயிலில் நிற்கும் யானைகளில் பெரும்பாலானவை காட்டில் பிறந்தவை, அல்லது காட்டிலிருந்து வந்த தாய்க்குப் பிறந்தவை. ஒவ்வொரு யானையையும் முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கிறது. 22 மாதம் வரை வயிற்றில் சுமக்கும், ஒரு குட்டி போடும், அந்தக் குட்டி தாயாகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். நரியில் ஒரு மனிதன் தன் ஆயுளில் பார்த்ததை யானையில் பார்க்க எத்தனை தலைமுறைப் பாகன் வேண்டும்! பொறுக்கி இணைசேர்க்க யாருக்கும் பொறுமையும் இல்லை, தீவனமும் இல்லை. காட்டில் போய்ப் பிடித்துவருவது சுலபமாக இருந்தது.

என் யோசனை: ஓர் உயிருக்கு 'பழக்குதல்', இனத்துக்கு 'வீட்டினமாதல்'. "யானையைப் பழக்கலாம், ஆனால் யானை வீட்டினம் ஆகவில்லை." தலை சுற்றாது.

இன்னொன்று. தமிழில் பழகு, பழக்கு, வசங்கு, வசக்கு, அடங்கு, அடக்கு என்று ஜோடி ஜோடியாக இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று சொல்லிக்கொடுத்தது, அதை இங்கே விட்டுவிடாதீர்கள். மாட்டைப் பிடித்து அடைத்தது நாம்தான். நம் ஊர்த் திமில் மாட்டுக்கு மூதாதை சுமார் 8,000 வருஷத்துக்கு முன்பு சிந்துவெளிக்கு மேற்கே, பலுசிஸ்தானத்து மேர்கர் பக்கம் மனிதன் கைக்கு வந்தது என்கிறார்கள். அது வேட்டையாடியவன் பட்டி போட்டு அடைத்த கதை, பிறவினை. பூனை அப்படி இல்லை. தானியம் சேர்த்தோம், எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தைய குழி ஒன்றில் மனிதன் பக்கத்தில் பூனையையும் புதைத்திருந்ததைக் கண்டெடுத்தார்கள். யாரும் பூனையைத் துரத்திப் பிடித்து வசக்கியிருக்க மாட்டார்கள், தானாகப் பழகியது. எல்லாவற்றுக்கும் '-ஆக்கல்', '-படுத்தல்' என்று முடித்தால் பூனைக்கு நாம் செய்யாத வேலைக்குக் கூலி வாங்குவது மாதிரி.

காநாடுகாத்தான் ஆச்சி

கம்பவுண்டர் தம்பி நன்றாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் கத்தரியை வீட்டினம் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். செடிக்கு நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறதே, 'பயிர்'. தானாக முளைத்தால் அது பூண்டு, புல், களை. மனுசன் கை பட்டுத் தலைமுறையாக வந்தால் பயிர். செடிக்குப் 'பயிராதல்', 'பயிராக்குதல்' என்று போடு தாயி.

என் வீட்டுப் பின்கட்டுச் சுவரோரம் சுண்டை நிற்கிறது. நான் வைக்கவில்லை, என் மாமியாரும் வைக்கவில்லை. குருவி எச்சத்தில் விழுந்து முளைத்தது. வருஷா வருஷம் காய் பறித்து, தட்டி, மோரில் ஊறப்போட்டு வற்றல் போடுகிறோம். தண்ணி ஊற்றுவதும் இல்லை, விதை எடுத்து வைப்பதும் இல்லை. இதைப் பயிர் என்பேனா? மாட்டேன். மிதுக்கங்காயும் அப்படித்தான், புஞ்சை வரப்பில் தானாகப் படர்ந்து கிடக்கும், கசக்கும், வற்றல் போட்டால் மணக்கும். நாம் அதைச் சாப்பிடுகிறோம், அதோடு சரி.

நெல்லைப் பார். கண்மாய்க்குள் தானாக முளைக்கிற குளநெல் பழுத்ததும் மணியைக் கீழே கொட்டிவிடும். காட்டுச் செடிக்கு அதுதானே வேலை, விதையை உதிர்க்க வேண்டும். நம்ம வயல் நெல் உதிராமல் கதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது, நாம் போய் அறுத்துக் களத்தில் ஓங்கி அடித்தால்தான் உதிருகிறது. என் பேரன் விவசாயக் கல்லூரியில் படித்தவன். அந்த உதிராத குணத்துக்குப் பெரும்பங்கு ஒரே ஒரு மரபணுவில் விழுந்த சின்ன மாற்றம்தான், அதை 2006-ல் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னான். எனக்கு மரபணு தெரியாது. ஆனால் காரணம் புரிகிறது. உதிர்ந்த நெல்லை மண்ணில் பொறுக்க முடியாது, கதிரில் நின்ற நெல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள், அதைத்தான் மறு வருஷம் விதைத்திருப்பார்கள். பொறுக்குகிறோம் என்று தெரியாமலே பொறுக்கியிருக்கிறார்கள்.

எள்ளு இன்னும் முழுசாக வழிக்கு வரவில்லை, அதையும் உன் புத்தகத்தில் எழுது. காய் முற்றினால் வாயைத் திறந்து கொட்டிவிடும். அதனால்தான் செடி மஞ்சள் பாய்கிறபோதே அறுத்து, கட்டாகக் கட்டிச் சாத்தி வைத்து, வெடித்தபின் தலைகீழாகப் பிடித்துத் தட்டுகிறோம். ஒரு நாள் அசந்தால் பாதி புஞ்சைக்கே போய்விடும். எத்தனை ஆயிரம் வருஷமாக எண்ணெய் ஆட்டுகிறோம், இந்தக் குணத்தை மட்டும் அது விடவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று காட்டுச் சாமான்களை எல்லாம் பிள்ளை என்கிறோம். ஆட்டுப்பிள்ளை, மாட்டுப்பிள்ளை என்று சொல்வதில்லை. தென்னை மட்டும் தென்னம்பிள்ளை. ஏன் என்று யாராவது தமிழ் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், உன் அப்பத்தா சிரித்தது சரிதான். ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் சம்பந்திபுரத்தில் கொல்லை என்றால் கடலை போடுகிற புஞ்சை. அவர்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். சொல் கண்டுபிடித்தவர் அந்தப் பக்கத்துக்காரரோ என்னவோ.

கல்லல் வடமாடு

கம்பவுண்டர் அண்ணே, அடக்குதலை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் 'வீட்டினம்' எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் காளை புலிக்குளம் இனம். அதன் தாய் கிடைமாடு. பிறந்ததில் இருந்து வயலில் கிடை போட்ட இடத்தில்தான் படுக்கும், வீடு என்று ஒன்றை அது பார்த்ததே இல்லை. கீதாரிகள் ஓட்டிவருகிற ஆடும் அப்படித்தான், வருஷம் பூரா ஊர் ஊராக நடக்கிறது. வீட்டைப் பார்க்காத மாட்டுக்கு வீட்டினம் என்று பேர் வைத்தால் எப்படி?

கோட்டையூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, 'பயிராக்குதல்' அப்படியே எடுத்துக்கொண்டேன், எள் பத்தியும் போகிறது. பிள்ளைக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

தம்பி சொல்வதும் நியாயம்தான். நான் ஒன்று யோசித்தேன்: 'நாட்டினமாதல்'. காட்டுக்கோழி, நாட்டுக்கோழி என்று ஏற்கெனவே ஜோடி இருக்கிறது. காட்டிலிருந்து நாட்டுக்கு வந்தது. எப்படி?

நேற்று ராத்திரி அப்பத்தாவிடம் நாய்க் கதையைச் சொன்னேன். ஓநாய்களில் பயம் குறைந்தவை மனிதன் போட்ட எலும்பைத் தின்ன நெருப்புப் பக்கம் வந்திருக்கலாம், அப்படியே தலைமுறையாக நாயாகியிருக்கலாம், குறைந்தது 15,000 வருஷம் இருக்கும் என்று. கேட்டுவிட்டு, "அப்படின்னா அண்டிருச்சுன்னு சொல்லு" என்றார். ஒரே சொல். கம்பவுண்டர் ஐயா சொன்ன தன்வினைக்கு இது பொருந்துகிறதா? "சில ஓநாய்கள் மனிதனை அண்டின."

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்

அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 31 வருஷத்தில் எனக்குத் தோன்றாத சொல். அண்டுதல் என்றால் பயமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் அதையே போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அண்டினதெல்லாம் நம் இனமாகிவிடாது. எலியும் அண்டியதுதான். உங்கள் வீட்டு வளவில் உத்தரத்துக்கும் சாமி படத்துக்கும் நடுவில் வைக்கோல் சொருகுகிற சிட்டுக்குருவி இருக்கிறதே, அதற்கு அடைக்கலக்குருவி என்றே பெயர். அடைக்கலம் என்று வந்தது, ஆனால் யாரும் அதைப் பொறுக்கி இணைசேர்க்கவில்லை, கூட்டுக்குள் கையை விட்டால் இன்னும் கொத்தும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொல்லுகுடிப்பட்டி கண்மாய்க்கு வருஷா வருஷம் நாரையும் கொக்கும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. 1977-ல் சரணாலயம் ஆயிற்று. அந்த ஊர்க்காரர்கள் பறவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே பறவை பழகவில்லை, ஊர்தான் பறவைக்குப் பழகியிருக்கிறது. அதற்கும் உங்கள் அத்தியாயத்துக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லத் தோன்றியது.

'நாட்டினம்' வேண்டாம். சொல் நல்ல சொல்தான், காலம் தாண்டிவிட்டது. இன்றைக்கு நாட்டுக்கோழி என்றால் பிள்ளைகளுக்குப் பிராய்லருக்கு எதிர்ப்பதம், காட்டுக்கோழிக்கு இல்லை. நாட்டு மாடு என்றால் ஜெர்சிக்கு எதிர்ப்பதம். ஜெர்சியும் பிராய்லரும்கூட காட்டிலிருந்து வந்து சேர்ந்தவைதானே, அவற்றை என்ன செய்வீர்கள்?

கோழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, புத்தகத்தில் இடம் இருந்தால் போடுங்கள். வீட்டுக்கோழிக்கு மூதாதை தென்கிழக்கு ஆசியப் பக்கத்துச் செங்காட்டுக்கோழி. ஆனால் கோழியின் மஞ்சள் கால் அதனிடமிருந்து வரவில்லை. அது தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008-ல் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். செட்டிநாட்டுச் சமையலுக்கு உலகம் பூரா பேர் இருக்கிறது. உலகம் பூரா இருக்கிற மஞ்சள் கால் கோழியில் நம் பக்கத்துக் காடு கொஞ்சம் இருப்பதை யாரும் பேசுவதில்லை.

சரி, தம்பியின் கேள்வி. வீட்டைப் பார்க்காத மாடு என்றது என் வாயை அடைத்துவிட்டது. 'வளர்ப்பினம்' என்று மாற்றிக்கொள்ளலாம். வளர்ப்புக் கிளி என்றும் சொல்கிறோமே என்று யாராவது கேட்பார்கள். கிளி வளர்ப்புதான், இனம் வளர்ப்பினம் இல்லை. 'இனம்' என்று சேர்த்துவிட்டால் ஓர் உயிரைப் பற்றிய பேச்சு இல்லை என்பது தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிரிந்து நிற்கும்.

அப்புறம் தம்பி, உன் காளை தங்கச்சிக்கு ரொம்ப உதவும். யானை பழகியது, வளர்ப்பினம் இல்லை. புலிக்குளம் காளை வளர்ப்பினம், ஆனால் பழகாதது. கிடையில் ஆள் கை அதிகம் படாமல் வளர்ந்து, ஓட்டமும் மூர்க்கமும் உள்ளதாகப் பார்த்துத் தலைமுறையாகப் பொறுக்கின மாடு. நரியில் அந்த ரஷ்யாக்காரர் செய்ததற்கு நேர் எதிராக நம் ஆட்கள் செய்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழக்குவதற்கும் வளர்ப்பினமாவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டு படத்தில் முடிந்துவிடும்.

கல்லல் வடமாடு

அண்ணே, முழுசாகப் பழகாதது என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் காளை என்னையே சில நேரம் முட்ட வரும். அப்பாவைத் தொழுவத்துக்குள் விடாது. என் தங்கச்சி எட்டாவது படிக்கிறாள், அவள் பருத்திக்கொட்டை வாளியோடு போனால் தலையைத் தாழ்த்திக்கொடுக்கும். கொம்புக்கு நடுவில் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். களத்துக்கு ஓட்டிப்போகிற அன்றைக்கு வண்டியில் ஏற்றுவது அவள்தான்.

காநாடுகாத்தான் ஆச்சி

அது உன்னையும் உங்கப்பனையும் சரியாகத்தான் அளந்து வைத்திருக்கிறது.

கோட்டையூர்க்காரி

இன்று காலை அந்தப் பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டேன். இப்படி வந்திருக்கிறது:

"சில ஓநாய்கள் மனிதனை அண்டின. அவற்றின் வழியில் வந்தவைதான் நாய்கள். பூனையும் எலியைத் தேடி அண்டியதுதான். மாட்டையும் ஆட்டையும் மனிதன் பட்டியில் அடைத்து, சாதுவானதைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினான். இப்படி வந்தவற்றை வளர்ப்பினம் என்கிறோம். உதிராத நெல்லை மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதையே திரும்ப விதைத்து, பயிராக்கினான். யானையைப் பழக்கலாம். ஆனால் யானை இன்னும் வளர்ப்பினம் ஆகவில்லை. ஒவ்வொரு யானையும் முதலிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது."

திருத்துபவர் 'அண்டின' என்பதற்குக் கீழே கோடு போட்டு, பிள்ளைகளுக்குப் புரியுமா என்று கேட்டிருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். மூன்று பேருக்குப் புரிந்தது. நாலாவது பிள்ளை சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், "ஒட்டிக்கிச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட வந்துவிட்டாளே என்று அப்படியே விட்டுவிட்டேன். 'வசக்குதல்' பெட்டிச் செய்தியாகத் தனியே வருகிறது, கம்பவுண்டர் ஐயாவின் மயிலையும் செவலையும் பேர் சொல்லாமல்.

தம்பி, யானைப் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் காளையைப் போடலாம் என்கிறார்கள். அடுத்த ஞாயிறு வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா?

கல்லல் வடமாடு

தாராளமாக வாங்க அக்கா. காலையில் வேண்டாம், தங்கச்சிக்கு ஞாயிறு காலையில் டியூஷன். பன்னிரண்டு மணிக்கு மேல் வாங்க, அவள் வந்து பக்கத்தில் நின்றால்தான் அது நிற்கும்.